பதினாறு ஆட்டங்களும் ஒரு பட்டமும்: 1923இன் கேன்சஸ் கூடைப்பந்து அணி

அமெரிக்காவின் நடுப்பகுதியில், லாரன்ஸ் என்னும் சிறு நகரில் கேன்சஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் கூடைப்பந்து உள்ளரங்கான ஆலன் ஃபீல்ட்ஹவுஸில், அந்த அணி தேசிய சாம்பியன் ஆன ஆண்டுகளைக் குறிக்கும் பதாகைகள் தொங்குகின்றன. 1952, 1988, 2008, 2022 ஆகிய நான்கு ஆண்டுகளுக்கும் விளக்கம் தேவையில்லை. நாடு முழுவதிலுமிருந்து வந்த அணிகள் மோதிய போட்டித் தொடரில் கடைசி ஆட்டத்தை வென்ற ஆண்டுகள் அவை. ஆனால் அவற்றோடு 1922, 1923 என்ற இரண்டு ஆண்டுகளும் இடம்பெற்றிருக்கின்றன. அந்த ஆண்டுகளில் கேன்சஸ் எந்தத் தேசியப் போட்டியிலும் ஆடவில்லை. அதற்கு இறுதி ஆட்டம் என்று ஒன்று இருக்கவுமில்லை. அந்த வீரர்கள் படிப்பை முடித்து வேலைக்குப் போனபோது தாங்கள் தேசிய சாம்பியன்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவுமில்லை. அப்படியானால் அவர்கள் வென்றது எதை? 1922-23ஆம் ஆண்டுப் பருவத்தை நெருங்கிப் பார்த்தால், அந்தப் பட்டத்தைவிடப் பெரிய ஒன்றை அந்த அணி வென்றது தெரியும் என்பது என் எண்ணம். அதற்கு, அந்தக் காலத்துக் கூடைப்பந்து எப்படி இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பருவத்தின் கணக்கு எளிமையானது. கேன்சஸ் ஆடியவை 18 ஆட்டங்கள், வென்றவை 17. தோற்ற ஒரே ஆட்டமும் ஒரு கல்லூரியிடம் தோற்றதல்ல. கல்லூரிப் பருவத்தைக் கடந்த, வயதிலும் அனுபவத்திலும் மூத்த ஆட்டக்காரர்களைக் கொண்ட கேன்சஸ் சிட்டி அத்லெடிக் கிளப்பிடம் அந்தத் தோல்வி நேர்ந்தது. கல்லூரிகளுக்கு எதிரான முக்கியமான கணக்கு வேறு: மிசூரி வேலி என்ற லீக்கில் ஆடிய 16 ஆட்டங்களிலும் கேன்சஸ் வென்றது. அந்த லீக்கில் அப்போது ஒன்பது கல்லூரிகள் இருந்தன. கேன்சஸ், கேன்சஸ் மாநில வேளாண் கல்லூரி, மிசூரி, நெப்ராஸ்கா, ஓக்லஹோமா ஆகியவற்றோடு அயோவா மாநிலக் கல்லூரி, டிரேக், கிரின்னல், செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆகியவையும் அதில் சேர்ந்திருந்தன. மற்ற எட்டு அணிகளையும் தன் ஊரில் ஒரு முறை, அவர்கள் ஊரில் ஒரு முறை என்று தலா இரண்டு தடவை சந்தித்து, ஒருவரிடம்கூடத் தோற்காமல் வருவதுதான் 16க்கு 0 என்பதன் பொருள்.

இந்த எண்ணை மேலோட்டமாகக் கடந்துவிடக் கூடாது. வடக்கே அயோவாவின் ஊர்கள், தெற்கே ஓக்லஹோமாவின் நார்மன், கிழக்கே மிசிசிப்பி ஆற்றங்கரையில் செயின்ட் லூயிஸ், மேற்கே நெப்ராஸ்காவின் லிங்கன் என்று விரிந்து கிடந்த பரப்பில், பனிக்காலத்தின் நடுவே, ரயிலில் போய் ஆடிவிட்டு வர வேண்டியிருந்தது. ஒவ்வோர் ஊரின் அரங்கும் ஒரு விதம். கூட்டம் ஆட்டக்களத்தின் ஓரம்வரை நெருங்கி நின்றது. தன் ஊரில் ஆடும் அணிக்கு இருந்த சாதகம் இன்றையதைவிடப் பல மடங்கு பெரிது. முந்தைய பருவத்தில் இதே கேன்சஸும் பக்கத்து மாநிலத்து மிசூரியும் தலா 15 வெற்றி, ஒரு தோல்வி என்று முடித்து லீக் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தன. அந்த ஒரே தோல்வியையும் அழித்துவிட்டதுதான் 1923ஆம் ஆண்டு அணியின் முதல் சாதனை.

அந்தக் காலத்து ஆட்டத்தை இன்றைய கண்ணோடு பார்த்தால் நாம் தவறாகவே புரிந்துகொள்வோம். ஓர் அணி இருபத்துச் சொச்சம் புள்ளிகள் எடுத்தாலே வென்றுவிடக்கூடிய ஆட்டமாக அது இருந்தது. வீரர்களின் திறமைக் குறைவு இதற்குக் காரணமல்ல, விதிகள்தான் காரணம். அன்று ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்து மீண்டும் களத்தின் நடுவட்டத்துக்குப் போனது. நடுவர் பந்தை மேலே எறிய, இரு அணிகளின் சென்டர் ஆட்டக்காரர்களும் எம்பித் தட்டினார்கள். இன்று ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை நாம் பார்க்கும் அந்த ஜம்ப் பால், அன்று ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் நடந்தது. உயரமான, நன்றாக எம்பக்கூடிய ஒரு சென்டர் இருந்துவிட்டால் அந்த அணி கூடை போட்டுவிட்டு, எதிரணியின் கையில் பந்தே படாமல் அடுத்த கூடையையும் போட முடியும். ஆகவே பயிற்சியின் பெரும்பகுதி அந்த எம்பலைச் சுற்றியே அமைந்தது: சென்டர் எந்தப் பக்கம் தட்டுவார், யார் எந்தக் கோணத்தில் ஓடிவந்து பந்தை எடுப்பார் என்பதெல்லாம் முன்கூட்டியே ஒத்திகை பார்த்து வைக்கப்பட்டன.

பந்தை இத்தனை நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற கெடு இல்லை. நடுக்கோட்டைப் பத்து நொடிக்குள் கடக்க வேண்டும் என்ற விதிகூட 1930களில்தான் வந்தது. முன்னிலையில் இருக்கும் அணி பந்தைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, கைமாற்றிக் கைமாற்றி நேரத்தைக் கரைக்கலாம். அது விதிக்கு உட்பட்டதே. தோலால் தைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டிய பந்து தரையில் ஒழுங்காக எழும்பாது. அதனால் தட்டிக்கொண்டே ஓடுவதைவிடக் கைமாற்றி ஆடுவதே நம்பத்தக்க வழியாக இருந்தது. கூடைக்குப் பின்னால் இருக்கும் பலகையைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே தள்ளி வைக்க வேண்டும் என்ற விதி வந்து அப்போது இரண்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அதற்கு முன்பு வீரர்கள் சுவரில் கால் வைத்து ஏறிக் கூடை போடுவது வழக்கம்.

இன்னொரு விதி இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கும். எதிரணி ஃபவுல் செய்தால், அடிபட்டவரே ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு) எறிய வேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லை. அணியில் கை தேர்ந்த ஒருவரை நிறுத்தி, எல்லா ஃப்ரீ த்ரோக்களையும் அவரையே எறியவைக்கலாம். ஃபவுலுக்கு உள்ளானவரே எறிய வேண்டும் என்ற விதி 1923-24 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அதாவது நாம் பேசும் பருவம், அந்தப் பழைய முறையின் கடைசிப் பருவம். அந்தக் கால ஆட்டக்காரர்களின் தனிநபர்ப் புள்ளிக் கணக்கை இன்றைய கணக்கோடு ஒப்பிடுவது ஏன் பொருளற்றது என்பதற்கு இது ஒன்றே போதும். ஓர் அணியின் புள்ளிகளில் கணிசமான பங்கு ஒரே ஆட்டக்காரரின் பெயரில் ஏறிவிடும். ஃபவுலை வாங்கித் தந்தவரின் உழைப்புக்கு எந்தத் தடயமும் மிஞ்சாது.

ஆட்டம் தொடங்கிய பிறகு பயிற்சியாளர் கிட்டத்தட்ட ஒரு பார்வையாளர்தான். இடைவேளை கேட்கும் நேரத்தில்கூட அவர் வீரர்களோடு பேச விதி இடம் தரவில்லை. கல்லூரிக் கூடைப்பந்தில் அந்தத் தடை 1940களின் இறுதியில்தான் நீங்கியது. முடிவுகளைக் களத்தில் நிற்கும் ஐந்து பேரே எடுக்க வேண்டும். ஆகவே நல்ல பயிற்சியாளர் என்பவர், தன் குரல் எட்டாத நேரத்திலும் தன் எண்ணப்படி ஆடும் ஐந்து பேரை உருவாக்கி அனுப்புபவர். 1923இல் கேன்சஸின் வலிமை அங்கேதான் இருந்தது.

அந்தப் பயிற்சியாளரின் பெயர் ஃபாரஸ்ட் கிளேர் ஆலன். பேஸ்பால் ஆட்டத்தில் நடுவராக நின்றபோது கப்பல்களின் பனிமூட்டச் சங்கு போல ஒலித்த குரலால் ‘ஃபாக்’ ஆலன் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. அவர் கேன்சஸில் மாணவராக ஆடியபோது அவருக்குப் பயிற்சியாளராக இருந்தவர், கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே. 1891ஆம் ஆண்டு டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஒன்றில், பனிக்காலத்தில் உள்ளே ஆடுவதற்கு ஒரு விளையாட்டு வேண்டும் என்ற தேவைக்காகப் பீச் பழக் கூடைகள் இரண்டை மாடி விளிம்பில் கட்டி, 13 விதிகளை எழுதி ஒட்டியவர் அவர். 1898இல் அவர் கேன்சஸுக்கு வந்தார். பல்கலைக்கழகத்தின் வழிபாட்டு நிகழ்ச்சிகளை நடத்துவதும் உடற்கல்வி கற்பிப்பதும் அவருடைய வேலை. கூடைப்பந்து அணியையும் அவர் கவனித்துக்கொண்டார். அவருடைய காலத்தில் அணியின் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. கேன்சஸின் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே. அது அவரைப் பற்றிய குறையாக எனக்குத் தோன்றவில்லை. வெல்வதற்காக அவர் அந்த ஆட்டத்தை உருவாக்கவில்லை. உடலையும் மனத்தையும் ஒழுங்குபடுத்தும் ஒரு வழியாகவே கருதினார். கிறிஸ்தவ ஊழியமும் மருத்துவப் படிப்பும் இணைந்த வாழ்க்கை அவருடையது. பல ஆட்டங்களில் தன் அணிக்குப் பயிற்சியாளராக நிற்பதைவிட நடுவராக நிற்பதையே அவர் விரும்பினார்.

(இதே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வி மரபின் இன்னொரு கிளை 1920இல் சென்னையில் வேர்விட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிதான் அது. நம் ஊர்ப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் பலரும் நெய்ஸ்மித்தின் சிந்தனைக்கு இந்த வழியாகத் தூரத்து உறவினர்கள்.)

பேக்கர் என்ற பக்கத்துக் கல்லூரி, ஆலனைப் பயிற்சியாளராக வரும்படி அழைத்தபோது நெய்ஸ்மித் சிரித்துக்கொண்டே, கூடைப்பந்தை யாரும் பயிற்றுவிக்க முடியாது, அதை ஆடத்தான் முடியும் என்று சொன்னதாக ஒரு செய்தி அந்தப் பல்கலைக்கழகத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஆலன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எந்தக் கோணத்தில் பந்தை அனுப்புவது, எந்த வளைவில் ஓடுவது என்பதையெல்லாம் கற்றுத்தர முடியும் என்பது அவருடைய நிலை. சில ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்துவிட்டு, எலும்பு, தசைச் சீரமைப்பு மருத்துவத்தில் பட்டம் பெற்று, மிசூரி மாநிலத்து வாரன்ஸ்பர்க் கல்லூரியில் பணியாற்றி, 1919இல் விளையாட்டுத் துறைத் தலைவராகக் கேன்சஸுக்குத் திரும்பினார். அந்தப் பருவத்திலேயே கூடைப்பந்து அணியின் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது. முதல் உலகப் போரின்போது பிரான்சில் ஒய்.எம்.சி.ஏ. பணியில் இருந்த நெய்ஸ்மித்தும் அதே 1919இல்தான் லாரன்ஸுக்குத் திரும்பினார். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரும், அதைப் பயிற்றுவிக்கும் கலையாக மாற்றிக்கொண்டிருந்தவரும் ஒரே வளாகத்தில், ஒரே ராபின்சன் உடற்பயிற்சிக் கூடத்தில், ஒருவரையொருவர் மதித்துக்கொண்டும் மறுத்துக்கொண்டும் நாள்தோறும் நடமாடினார்கள். 1923ஆம் ஆண்டு அணி இந்த இருவருக்கும் நடுவே வளர்ந்த பிள்ளை.

ஆலன் செய்தது என்ன? முதலாவதாக, உடலை ஒரு மருத்துவரின் கண்ணோடு பார்த்தார். முழங்கால்கள்தான் உடம்பின் சுருள்வில்கள் என்றும், அவற்றை மடக்கி வைத்திருப்பவரே முதலில் பாய்வார் என்றும் அவர் கற்பித்தார். காயங்களைத் தாமே நீவிச் சரிசெய்தார். இரண்டாவதாக, தடுப்பாட்டத்தை ஒரு முறைமையாக்கினார். ஆளுக்கு ஆள் பின்தொடர்வதும், இடத்தைக் காப்பதும் அன்று இரு தனி வழிகளாகப் பார்க்கப்பட்டன; பந்து இருக்கும் இடத்துக்கு ஏற்ப ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் தடுப்பை ஆலன் வகுத்தார். இருபது புள்ளிக்குள் எதிரணியை நிறுத்தினால் வெற்றி கிட்டத்தட்ட உறுதி என்றிருந்த காலத்தில் தடுப்பாட்டமே ஆட்டத்தின் இதயம் என்பதை அவர் மற்றவர்களுக்கு முன்பே உணர்ந்திருந்தார். மூன்றாவதாக, பயிற்சிக்கு ஒரு மரபை ஏற்படுத்தினார். முன்னாள் ஆட்டக்காரரான ஜான் பன் 1921 முதல் அவருக்கு உதவியாளராக இருந்தார். முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட அனுமதி இல்லாததால் ஒருவருக்குக் கிடைப்பது மூன்று பருவங்கள் மட்டுமே. அந்த மூன்று பருவங்களும் ஒரே முறைமையில் போவது ஓர் அணிக்குப் பெரிய பலம்.

1923இல் களத்தில் இறங்கிய முதல் ஐவர்: முன்வரிசையில் டஸ்டன் ஆக்கர்மன், வால்டோ போமன், நடுவில் ஜான் வுல்ஃப், பின்வரிசையில் கார்டுகளாகப் பால் எண்டகாட், சார்லி பிளாக். ஆக்கர்மன் இளையவர், அவருடைய சிறந்த பருவங்கள் இனிமேல்தான் வரவிருந்தன. எண்டகாட் லாரன்ஸிலேயே வளர்ந்தவர், மூன்றாவது பருவத்தில் இருந்தவர். பிற்காலத்தில், பழைய பருவங்களைத் திரும்பிப் பார்த்து மதிப்பிட்ட ஹெல்ம்ஸ் நிறுவனம் 1923ஆம் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று எண்டகாட்டையும், 1924ஆம் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று பிளாக்கையும் அறிவித்தது. இரண்டு பேருமே கார்டுகள், அதாவது முதன்மையாகத் தடுப்பாட்டக்காரர்கள் என்பது தற்செயலாக நேர்ந்ததல்ல. கூடை போடுவதைவிடக் கூடை விழாமல் காப்பது எவ்வளவு மதிக்கப்பட்டது என்பதற்கு அது சான்று.

எண்டகாட் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பதை விளக்க, மிசூரி மாநிலத்து கொலம்பியா நகரில் 1923 ஜனவரியில் நடந்த ஓர் ஆட்டத்தை ஆலன் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். முந்தைய பருவத்தில் பட்டத்தைப் பகிர்ந்த மிசூரியோடு, அவர்கள் ஊரிலேயே ஆட்டம். கடைசி நிமிடங்களில் கேன்சஸ் மிகச் சிறிய வித்தியாசத்தில் முன்னிலையில் இருந்தது. மிசூரியின் கையில் பந்து சேரும்போதெல்லாம் எண்டகாட் பாய்ந்து அதைத் தானும் பற்றிக்கொண்டார். இருவரும் ஒரே நேரத்தில் பந்தைப் பற்றினால் நடுவர் ஊதி, அந்த இருவருக்கும் இடையே ஜம்ப் பால் தருவார். எம்பித் தட்டிய பந்து மீண்டும் மிசூரியிடம் போனால், எண்டகாட் மீண்டும் பாய்ந்தார். இப்படி அடுத்தடுத்து பதினாறு முறை நடந்ததாகவும், மிசூரியால் கூடையை நோக்கி ஒரு முறைகூட ஒழுங்காக எறிய முடியவில்லை என்றும் ஆலன் சொன்னார். பதினாறு என்ற எண்ணிக்கை சொல்லிச் சொல்லி வளர்ந்ததாக இருக்கலாம். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் அந்தக் கதையின் உள்ளே இருக்கும் ஆட்ட அறிவு உண்மையானது. பந்தைப் பிடுங்க முயன்றால் ஃபவுல் ஆகும் ஆபத்து உண்டு. நான்கு தனிநபர் ஃபவுல்களில் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும். பிடுங்காமல் சேர்த்துப் பற்றுவது மட்டும் செய்தால் ஃபவுலும் இல்லை, எதிரணிக்கு எறியும் வாய்ப்பும் இல்லை. பயிற்சியாளரின் குரல் எட்டாத அந்த நிமிடங்களில், ஓர் இளைஞர் தானாக எடுத்த முடிவு அது. நெய்ஸ்மித் சொன்னதுபோல ஆடத்தான் முடியும் என்பதற்கும், ஆலன் சொன்னதுபோலப் பயிற்றுவிக்க முடியும் என்பதற்கும் ஒரே ஆட்டம் ஒரே நேரத்தில் சான்றாக நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கதை மேலும் பிடித்துப்போகிறது.

பின்னர் லாரன்ஸில் நடந்த மறு ஆட்டத்திலும் மிசூரி கடைசிவரை விடாமல் போராடித் தோற்றது. அதோடு லீக் பட்டம் எவருடனும் பகிராமல் கேன்சஸின் கைக்கு வந்தது. 1923இல் வாழ்ந்தவர்களுக்குச் சாம்பியன் பட்டம் என்றால் இதுதான். பக்கத்து ஊர்களோடு ஆடிய கணக்கு. கண்ணால் பார்த்து, கையால் எண்ணி முடித்த கணக்கு.

தேசியப் பட்டம் வந்த விதம் வேறு. லாஸ் ஏஞ்சலிஸில் 1936இல் பில் ஷ்ரோடர் என்ற விளையாட்டு ஆர்வலர், ரொட்டித் தயாரிப்பு நிறுவனம் நடத்திய பால் ஹெல்ம்ஸின் பண உதவியோடு ஹெல்ம்ஸ் அத்லெடிக் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். அது 1940களில் பழைய பருவங்களின் முடிவுகளைத் திரும்பிப் பார்த்து, ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கல்லூரியைத் தேசிய சாம்பியன் என்று அறிவித்தது. கேன்சஸின் 1922, 1923 பட்டங்கள் அப்படி வந்தவை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, செய்தித்தாள் முடிவுகளையும் பதிவேடுகளையும் வைத்து எடுக்கப்பட்ட முடிவு அது. 1990களில் வெளியான பிரெமோ-பொர்ரெட்டா தரவரிசை அதே வேலையை வேறு முறையில் செய்தது. 1922க்கு அதுவும் கேன்சஸையே தேர்ந்தெடுத்தது. 1923க்கோ, வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கழகத்தின் அணியைத் தேர்ந்தெடுத்தது.

ராணுவக் கழகத்தின் பக்கமும் வலுவான வழக்கு உண்டு. அந்தப் பருவத்தில் அவர்கள் 17 ஆட்டங்களிலும் வென்றார்கள், யாரிடமும் தோற்கவில்லை. ஜான் ரூஸ்மா என்ற பெரும் ஆட்டக்காரர் அவர்களிடம் இருந்தார். ஆனால் அவர்கள் பெரும்பாலும் ஹட்சன் ஆற்றங்கரையில் தங்கள் சொந்த அரங்கிலேயே ஆடினார்கள். கேன்சஸோ தன் ஆட்டங்களில் பாதியை வெளியூர்களில் ஆடியது. கேன்சஸின் ஒரே தோல்வி கல்லூரி அல்லாத ஓர் அணியிடம் வந்தது. இரு அணிகளும் சந்திக்கவே இல்லை. இருவருக்கும் பொதுவான எதிரணிகளும் இல்லை. சிகாகோவைச் சுற்றியிருந்த பெரிய லீக்கில் அயோவாவும் விஸ்கான்சினும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. அவையும் மேற்சொன்ன இருவரோடும் மோதவில்லை. கிழக்கும் நடுநாடும் பசிபிக் கரையும் தனித்தனிக் குளங்களாக இருந்த காலத்தில், எந்தக் குளத்து மீன் பெரிது என்பதை இருபது ஆண்டுகள் கழித்து, எழுபது ஆண்டுகள் கழித்து எப்படி அளப்பது? நடுவர்கள் விதியை விளக்கிய விதம்கூட வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுபட்டது.

தேசியப் போட்டி ஒன்றை நடத்தும் எண்ணம் அன்று யாருக்கும் தோன்றவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1922 மார்ச்சில் இண்டியானாபோலிஸ் நகரில் லீக் சாம்பியன்களை அழைத்து ஒரு போட்டி நடந்தது. வாபாஷ் என்ற சிறு கல்லூரி இறுதி ஆட்டத்தில் கலமசூவை வென்றது. ஆனால் பெரிய லீக்குகளின் சாம்பியன்கள் வரவில்லை. அந்த முயற்சி தொடராமல் நின்றுபோனது. பருவம் முடிந்ததும் மாணவர்கள் வகுப்புக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணமும், பயணச் செலவும், தங்கள் வட்டாரப் பட்டமே போதும் என்ற பெருமையும் சேர்ந்து அதைத் தடுத்தன. ஆகவே 1923இன் தேசியப் பட்டம் களத்தில் வெல்லப்பட்டதல்ல, மதிப்பீட்டில் வழங்கப்பட்டது என்பதை ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். கேன்சஸ் அந்த ஆண்டின் மிகச் சிறந்த அணியாக இருந்திருக்கலாம். அதை மெய்ப்பிக்க வழியில்லை. மெய்ப்பிக்கத்தக்கது 16க்கு 0 மட்டுமே. அந்தக் கணக்கை உயர்த்திப் பிடிக்க, அதன் மேல் வேறு எந்தப் பட்டத்தையும் ஏற்ற வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன்.

பட்டத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது: யார் யாருக்கு இடையே நடந்த போட்டியில் இவர்கள் சாம்பியன்? மிசூரி வேலி லீக்கில் கறுப்பின மாணவர்கள் ஆடக் கூடாது என்பது கனவான்களின் ஒப்பந்தம் என்ற பெயரில் காக்கப்பட்ட வழக்கம். அடிமை முறையை எதிர்த்துக் குடியேறியவர்கள் நிறுவிய ஊர் என்ற பெருமை லாரன்ஸுக்கு உண்டு. அந்த ஊரின் பல்கலைக்கழக அணியிலும் கதவு அடைத்தே கிடந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1933இல், ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் உடற்கல்வி படிக்கக் கேன்சஸுக்கு வந்தார். நெய்ஸ்மித் அவருக்கு வழிகாட்டியாக இருந்து, அவருக்கு எதிரான தடைகளை நீக்கத் துணைநின்றார். ஆனாலும் மெக்லெண்டன் பல்கலைக்கழக அணியில் ஆட முடியவில்லை. பிற்காலத்தில் வேகமான தாக்குதல் ஆட்டத்தின் முன்னோடிப் பயிற்சியாளர்களில் ஒருவராக உயர்ந்த அவர், கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரிடம் நேரடியாகப் பாடம் கேட்டும், அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டையை அணிய இயலாதவர். 1923ஆம் ஆண்டு அணியின் வீரர்கள் மேல் இந்தக் குற்றத்தைச் சுமத்துவது நியாயமாகாது. ஆனால் அந்தப் பருவத்தின் கணக்கைப் படிக்கும் எவரும் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பருவம் முடிந்த பிறகு அந்த அணியிலிருந்து கிளம்பிப் போனவர்கள் ஆட்டத்தையே மாற்றினார்கள். மாற்று ஆட்டக்காரராகப் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர், ஹால்ஸ்டெட் என்ற சிற்றூரைச் சேர்ந்த அடால்ஃப் ரப். ஆலனின் பயிற்சியையும் நெய்ஸ்மித்தின் வகுப்பையும் அருகிலிருந்து கவனித்த அவர், 1930இல் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராகப் போய் அங்கே 876 ஆட்டங்களை வென்று தந்தார். அந்த அணியைப் பக்கத்திலிருந்து தயார்செய்த ஜான் பன், ஸ்டான்ஃபோர்டில் பயிற்சியாளராகி, ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் நடந்த ஜம்ப் பாலை ஒழிக்க வேண்டும் என்று வாதாடியவர்களில் ஒருவரானார். 1937-38இல் அந்த முறை நீங்கியது. 1927இல் விதிக்குழு பந்தைத் தரையில் ஒரு முறைக்கு மேல் தட்டக் கூடாது என்று முடிவெடுத்தபோது, ஆலன் நாடெங்கிலுமிருந்த பயிற்சியாளர்களைத் திரட்டி எதிர்த்து, அந்த முடிவைத் திரும்பப் பெறவைத்தார். அந்தத் திரட்டலிலிருந்து பிறந்ததுதான் தேசியக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் சங்கம். அதன் முதல் தலைவர் ஆலன். கூடைப்பந்தைப் பயிற்றுவிக்க முடியாது என்று ஆசிரியர் சொன்ன இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, மாணவர் அதை ஒரு தொழிலாகவே நிறுவிவிட்டார். இதற்கான தகுதியை அவருக்குத் தந்தவை 1922, 1923 ஆண்டுகளின் அணிகள்தாம். எண்டகாட் பயிற்சியாளர் ஆகவில்லை. பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனத்தில் சேர்ந்து, பிற்காலத்தில் அதன் தலைவரானார்.

நாடு தழுவிய கல்லூரிப் போட்டித் தொடர் 1939 மார்ச்சில் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் நெய்ஸ்மித் மறைந்தார். அடுத்த ஆண்டே ஆலனின் அணி கேன்சஸ் சிட்டியில் நடந்த இறுதி ஆட்டத்தை எட்டி, இண்டியானாவிடம் 60-42 என்று தோற்றது. களத்தில் வென்ற தேசியப் பட்டம் அவருக்கு 1952இல், 66ஆவது வயதில், சியாட்டில் நகரில் கிடைத்தது. செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தை 80-63 என்று கேன்சஸ் வென்ற அந்த இறுதி ஆட்டத்தில் கிளைட் லவெலட் ஒருவரே எடுத்த 33 புள்ளிகள், 1923இல் ஓர் அணி முழுவதுமே எடுத்துப் பெருமைப்படக்கூடிய எண்ணிக்கை. 1923இல் ரப் உட்கார்ந்திருந்ததுபோல அன்றும் ஒரு மாற்று ஆட்டக்காரர் பெஞ்சிலிருந்து கவனித்துக் கற்றுக்கொண்டிருந்தார். டீன் ஸ்மித் என்ற அவர், பின்னாளில் வட கரோலினாவில் ரப்பின் வெற்றி எண்ணிக்கையையே கடந்தார். கேன்சஸுக்காக ஆடிய முதல் கறுப்பினக் கூடைப்பந்து வீரரான லவானஸ் ஸ்குவயர்ஸும் அந்த அணியில் இருந்தார்.